வனவிலங்கு: இல்லை

“பகல் பதினொரு மணிக்கு எட்டிப் பாத்துட்டு, வனவிலங்கு இல்லைன்னு எழுதினா எப்படி சார்? தேவாங்கு ராத்திரிதான நடமாடும்!” காலேஜில் விலங்கியல் நடத்தும் ஸ்வர்ணாவின் குரல் ஹெப்பகோடி பஸ் ஸ்டாப் வரை கேட்கிறது. “என் டியூட்டி அஞ்சு மணியோட சரி மேடம்,” என்கிறார் சாலையை அகலப்படுத்த அளவெடுக்கும் இன்ஜினியர் ரகுராம், மரம் வெட்ட அனுமதி கேட்கும் படிவத்தை நெஞ்சோடு அணைத்தபடி. புங்க இலைகளுக்குள் நுழைந்த வெயில் அவர் இளவழுக்கையில் புள்ளி புள்ளியாக ஆடுகிறது. சாலைக்கு மேலே இருபக்கத்துக் கிளைகளும் தொட்டுக்கொண்டிருக்கின்றன; தேவாங்கு அதில்தான் கடக்கும், வெட்டினால் லாரிக்கு முன்னால் இறங்க வேண்டும். துணி காயப்போடும் சாக்கில் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாங்கள் நாலு பேர் நிற்கிறோம். “அல்லி நோடி சார், அங்க தூங்குது பாரு,” என்று தெருக் கூட்டும் லட்சுமம்மா துடைப்பத்தை உயர்த்துகிறாள். கிளைக்கவட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு பந்து மூச்சு விடுகிறது. ரகுராம் வாயைத் திறந்தபடி பார்க்கிறார். ‘இல்லை’யை அடித்து ‘உண்டு’ என்று எழுதுகிறார். ஸ்வர்ணா சிரிக்கிறாள். நாங்கள் அங்கேயே மனசுக்குள் இருவருக்கும் கல்யாணத்தை நிச்சயம் செய்துவிடுகிறோம். அடுத்த மாதமே அவரை பீதருக்கு மாற்றினார்கள். ஸ்வர்ணா கட்டிக்கொண்டது ஒரு பேங்க்காரரை, குடித்தனம் மைசூரில். மரங்களை இன்னும் யாரும் தொடவில்லை.