வேற எங்கயும் காட்டலீங்க

"வேற ஒரு டாக்டர்கிட்டயும் காட்டலாமான்னு பார்க்கிறோங்க" என்று அமலராணி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

ஸ்ரீரங்கம் டாக்டர் வரதாச்சாரியின் முகம் சுருங்கிப் போயிற்று.

"யார்கிட்ட?"

"தென்னூர்ல எக்கோ மெஷின் வெச்சிருக்காரே, நிஜாமுதீன் டாக்டர்..."

"பேஷாப் போங்கோ. யார் தடுத்தா?" என்றவர், மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பஸ் காவிரிப் பாலம் தாண்டியும் அமலராணிக்கு ஆத்திரம் ஆறவில்லை. பக்கத்தில் கணவர் அடைக்கலராஜ் நெஞ்சைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். நாலு எட்டு வேகமாக நடந்தால் நெஞ்சை அழுத்துகிறது என்கிறார் மனுஷர். ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு ஈ.சி.ஜி. எடுத்த வரதாச்சாரியோ, "சந்தேகமா இருக்கு. இதை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றதோடு சரி.

"என்ன கர்வம் பார்த்தீங்களா?" என்றாள்.

இரண்டு டாக்டர்களும் பேசிக்கொள்வதில்லை என்பது திருச்சி முழுக்கத் தெரிந்த சங்கதி. இதயத்தைத் திரையில் படமாகக் காட்டும் எக்கோ மெஷின் வந்த புதிதில், "நிழலைப் பார்த்து வைத்தியமா?" என்று வரதாச்சாரி ஒரு கூட்டத்தில் கேட்டு வைத்தார். "நோயாளியை ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிறதுக்கு இது தேவலை" என்று அவர் திருப்பிக் கொடுத்தார். அதோடு முகம் பார்ப்பதும் நின்றுபோயிற்று.

"அங்க வந்து ஸ்ரீரங்கம்னு வாயைத் திறந்துடாதீங்க. கோவம் வந்தா நம்மளைச் சரியாப் பார்க்க மாட்டாரு" என்ற அமலராணி, வீட்டுக்கு வந்ததும் ட்ரெட்மில் ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஒரு வீட்டில் பெண் பார்த்துவிட்டு வந்ததை இன்னொரு வீட்டில் மூச்சு விடாத மாதிரிதான் இதுவும். நம் ஜனங்கள் எல்லாரும் செய்கிற காரியம்.

மறுநாள் மாலை நிஜாமுதீன் கேட்டார். "இதுக்கு முன்னாடி எங்கயாவது டெஸ்ட் எடுத்தீங்களாம்மா?"

"வேற எங்கயும் காட்டலீங்க. நேரா உங்ககிட்டதான் வரோம்."

அடைக்கலராஜ் மின்விசிறியைப் பார்த்தார்.

டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. எக்கோ எடுத்தார். படத்தோடு உள்ளறைக்குப் போனவர் வெகுநேரம் கழித்து வந்தார்.

"உடனே மெட்ராஸ் போய் ஆஞ்சியோகிராம் எடுக்கணும். தள்ளிப் போடாதீங்க."

எடுத்தார்கள். முக்கியமான ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆளே இல்லை என்றார்களாம். பைபாஸ் முடிந்து, இப்போது அடைக்கலராஜ் தினமும் சர்ச்சுக்கு நடந்தே போய் வருகிறார்.

நன்றி சொல்ல வந்த அமலராணி நிஜாமுதீனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"என் வீட்டுக்காரரைத் திருப்பிக் கொடுத்திருக்கீங்க டாக்டர். சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன். அந்த ஸ்ரீரங்கத்து டாக்டரும் இருக்காரே..." என்று வந்த வேகத்தில் உளறிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நிஜாமுதீன் சிரித்தார்.

"என் எக்கோவை மட்டும் பார்த்திருந்தா, லேசாத்தான் இருக்குன்னு மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பேம்மா. ட்ரெட்மில் ரிப்போர்ட்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தப்பதான் ஆபத்து புரிஞ்சுது."

"அது... எங்க வீட்டு பீரோவுல இல்ல இருக்கு?"

"அன்னிக்குக் காலையிலேயே வரதாச்சாரி சார் என் வீடு தேடி வந்து அந்த ரிப்போர்ட்டோட நகல் ஒண்ணைக் கொடுத்துட்டுப் போயிட்டாரு. 'பாவம், பயந்துண்டு இதை உம்மகிட்ட மறைச்சுடுவா. ரெண்டையும் சேர்த்துப் பாரும். துருவிக் கேட்டு அவாளைச் சங்கடப்படுத்த வேண்டாம்'னு சொன்னாரு."