பிஸ்டனில் விழுந்த ஓட்டை

காளீஸ்வரன் வீட்டிலேயே வேகம் கூட்டும் டர்போ பொருத்தி, பார்த்துப் பார்த்துக் கட்டிய கார், கோவைப் பந்தயத்துக்கு முந்தின வாரம் திருச்சுழி ரோட்டில் புகை கக்கி நின்றுபோனது. கூட்டாளி சோணைமுத்து எஞ்சினைப் பிரித்தான். பிஸ்டனில் ஓட்டை.

"ஏலே, ட்யூனிங்குல ஒரு குத்தமுமில்ல. பெட்ரோல்ல எவனோ சீமெண்ணெயக் கலந்துருக்கான்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

காளீஸ்வரனின் மனைவி ராஜேஸ்வரி அவன் முன்னால் வந்தாள்.

"நாந்தாங்க ஊத்துனேன். பந்தயத்துல ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன செய்வேன்?"

அடி விழும் என்று நின்றாள். அவன் பிஸ்டனையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"நீயும் ஊத்துனியா?" என்றான் மெதுவாக. "அதான் ஓட்டையே விழுந்துருச்சு. நான் கொஞ்சந்தான் ஊத்துனேன். ஊரே வழியனுப்பக் காத்துக்கெடக்கு, பயமா இருக்குன்னு யார்கிட்டச் சொல்ல?"