பாழும் பாடும்

அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தலைமையாசிரியை செசிலியா, புத்தக இருப்பைச் சரிபார்க்க வந்த அலுவலர் பிராங்க்ளின், பெற்றோர் குழுத் தலைவி அங்காளம்மாள், பள்ளி நூலகரான என் மகள் தேவகி, நான்.

ஆறாவதாக யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது.

என்னை யாரும் அழைக்கவில்லை. எங்கள் குடும்பத்துப் பெண் விசாரணைக்கு உட்காரும்போது பக்கத்து நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்று போனேன்.

"இன்னா பெரிப்பா, பொண்ணு பாக்க வந்த மாதிரி சட்டைய இஸ்திரி போட்டுக்கினு வந்துகிற?" என்றாள் அங்காளம்மாள். ஏலத்தில் நண்டை விற்றுவிட்டு நேராக வந்திருந்தாள்.

தேவகியின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

நூலகம் என்று சொல்ல இப்போது ஓர் அறை கிடையாது. இருந்த அறையில் கணினிகள் வந்து நான்கு வருடமாகிறது. புத்தகங்கள் தாழ்வாரத்தில் இரண்டு பீரோக்களில் இருந்தன.

தேவகியும் பெயருக்குத்தான் நூலகர். காலை உணவைப் படம் எடுத்து அனுப்புவது, வருகையைச் செல்போனில் ஏற்றுவது, பஸ் பாஸ், உதவித்தொகை, லீவு போட்ட ஆசிரியரின் வகுப்பில் போய் உட்காருவது எல்லாம் அவள் வேலை. ஆதாருக்குக் கைரேகை விழாத பிள்ளைகளைப் பொன்னேரிக்கு அழைத்துப் போவதும் அவள்தான். இறால் உரிக்கும் கைகளில் ரேகை நிற்பதில்லை.

பீரோவைத் திறக்க வாரத்தில் பத்து நிமிடம் மிஞ்சினால் அதிகம்.

பிராங்க்ளின் காலையிலிருந்து எண்ணி முடித்திருந்தார். நாற்பத்தொரு புத்தகம் குறைந்தது. பதிவேட்டில் அந்த நாற்பத்தொன்றுக்கும் நேராகத் தேவகி ஒரே சொல்லை எழுதியிருந்தாள்.

பாடு.

அவர் வெளியூர்க்காரர். அந்தச் சொல் அவருக்குத் தெரியாது. கடலை ஒட்டிய எங்கள் ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் எந்த வீடு வலை போடலாம் என்று நாங்கள் முறை வைத்திருக்கிறோம். முறை முடிந்த வீடு அடுத்த வீட்டுக்கு இடத்தை விட வேண்டும். அதுதான் பாடு. அந்தப் பட்டியலை இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறவன் நான்.

தேவகி அதைப் பார்த்து வளர்ந்தவள். நூலக அறை போனதும் புத்தகங்களைப் பாடு வைத்து வீடுகளுக்கு அனுப்பிவிட்டாள். ஒரு வீட்டில் எட்டு நாள். ஒன்பதாம் நாள் அடுத்த வீடு. பிள்ளைகளோடு தாய்மார்களும் படித்தார்கள்.

மாணவர் அல்லாதவர் கைக்குப் பள்ளிப் புத்தகம் போகக்கூடாது என்பது விதி. தலைமையாசிரியைக்கு எல்லாம் தெரியும். எழுத்தில் அனுமதி தந்ததில்லை. அன்று அவர் சுவரிலிருந்த நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிராங்க்ளின் அந்தச் சொல்லை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு சிரித்தார்.

"என்ன மேடம், நூலகருக்கே எழுத்துப் பிழையா? பாழ்னு எழுதத் தெரியாம பாடுனு எழுதி வச்சிருக்கீங்க."

கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். உப்புக்காற்றில் பாழாய்ப்போன புத்தகங்கள் என்று நினைத்துக்கொண்டார். சிதைந்தவை என்று ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நாற்பத்தொன்றும் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். அவை எங்கள் வீடுகளிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

தேவகி சும்மா இருந்தால் போதும்.

சும்மாதான் இருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு, பிழை செய்தவளைப் போல. எம்.ஏ. தமிழ் படித்தவள்.

அங்காளம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நட்சத்திரங்களைப் பற்றிய படப் புத்தகம் அந்த வாரம் அவள் வீட்டுப் பாடு. அவளும் மகளும் எழுத்துக்கூட்டிப் பாதிவரை வந்திருந்தார்கள்.

பிராங்க்ளின் பேனாவைத் திறந்தார்.

"சார், அது பாழ் இல்ல. பாடு. மொற வச்சி வூடு வூடா போவுது."

பேனா நின்றது.

தேவகி கண்ணை மூடிக்கொண்டாள். யார் பேசியது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். மெமோ வந்தது. தேவகியே வீடு வீடாகப் போய் மூன்று நாளில் நாற்பத்தொன்றையும் வாங்கி வந்தாள். நட்சத்திரப் புத்தகத்தின் நடுவில் அடையாளத்துக்கு வைத்த வலை நூல் அப்படியே இருந்தது. பீரோவைப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டாள்.

இப்போது அவளுக்குக் கணினி அறையில் மட்டும்தான் வேலை. சாயங்காலம் வந்து சுவரில் சாய்ந்தால் எழுந்திருக்க நேரமாகிறது. என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல நைனா. கண்ணு எரியுது."

அதற்குமேல் என்னிடம் அவள் எதுவும் சொன்னதில்லை.

ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பொறாமையில் அங்காளம்மாள்தான் போட்டுக்கொடுத்தாள் என்று. ஏலத்தில் அவள் கூடைக்குப் பக்கத்தில் பெண்கள் கூடை வைப்பதில்லை. அவள் மகளோடு பள்ளியில் யாரும் சேர்வதில்லை. அங்காளம்மாள் எவரிடமும் மறுத்துப் பேசவில்லை. எதிரே நான் வந்தால் மட்டும் என் சட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறாள்.

அந்தப் பேச்சு தவறு. அங்காளம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

என் மகளுக்கு எழுதத் தெரியவில்லை என்று ஒருவர் சிரித்தார்.

பேசியது நான்.