களிமண் போட்ட கோடு

“கையை எடு. அந்தக் கோட்டை அழிக்காதே.”

படியேறி ஓடிவந்த பேராசிரியர் தவச்சாய்க்கு மூச்சு வாங்கியது. பாங்காக் நெரிசலில் சிக்கி, பத்து மணிச் சோதனைக்குப் பத்தே முக்காலுக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார்.

ரச்சனி விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்தாள். திரையில் இரண்டு கோடுகள், சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, வளைந்து இறங்கிக்கொண்டிருந்தன.

ஆற்றங்கரையில் நாற்பது மாடிக் கட்டடம் வரப்போகிறது. அதன் அஸ்திவாரத் தூண் எவ்வளவு பாரம் தாங்கும்? கீழ்த்தளத்தில் ஒரு தொட்டி நிறையக் களிமண். அதில் விரல் தடிமனுக்கு ஒரு மாதிரித் தூணை ஊன்றி, எடை மேல் எடையாக வைத்துப் பார்ப்பார்கள். அதே தூணை ரச்சனி கணினிக்குள் அமுக்கிப் பார்ப்பாள். இரண்டின் கோடும் இந்த ஒரே திரையில்தான் வரும்.

இரண்டுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அவளுடைய கணினிப் பிரிவுக்குப் பூட்டு. அவளுக்கும் வேலை இல்லை. முடிவை எழுத வேண்டியவர் தவச்சாய்.

“மாட்டினியா? வித்தியாசத்தைப் பாத்ததும் பயந்துபோய் அழிக்கப் பாக்குற.”

“இல்ல சார், என் பழைய கணக்கைத்தான்... அது வந்து...”

“ஒண்ணும் வர வேணாம். பேசாம இரு.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிவப்புக் கோட்டின் மேல் குனிந்தார். முகம் மலர்ந்தது.

“தொட்டியோட கோடு இதுதான். யாரும் சொல்ல வேண்டியதில்ல. முப்பத்தெட்டு கிலோகிட்ட ஒரு சின்னத் தயக்கம் தெரியுதா? அது களிமண்ணோட குணம். முப்பது வருஷம் சேத்துல நின்னவனுக்குத்தான் அது புரியும். உன் டப்பா ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படி வரையாது.”

“அப்ப நீலம் சார்?”

“உன்னோடது. இஸ்திரி போட்ட மாதிரி இருக்கே, பாத்தாலே தெரியலையா?”

“சார், நான் ஒரு நிமிஷம் சொல்லிடுறேன்...”

“நீ சொன்னதெல்லாம் போதும். இனிமே மண்ணு சொல்லட்டும்.”

ரச்சனி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

“சரி சார். சிவப்பைப் பத்தி இப்பச் சொன்னீங்களே, அதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க.”

“தாராளமா.”

‘சிவப்புக் கோடு அசல் களிமண்ணின் நடத்தை, துளியும் சந்தேகமில்லை. நீலம் பதினெட்டு சதவீதம் தவறு. பிரிவை மூடலாம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவள் அதை வாங்கி, மை காயும்வரை ஊதினாள்.

தவச்சாய் கீழ்த்தளத்துக்கு போன் போட்டார். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் புன்சோங் எடுத்தார்.

“பிரமாதம் புன்சோங். மண்ணு பேசிடுச்சு. எடையெல்லாம் இறக்கிடு.”



“எதை சார் இறக்குறது? சோதனைக்கு முன்னாடி இடத்துச் சாமிக்குப் படைக்கிற சிவப்பு சோடா கிடைக்க லேட்டாயிடுச்சு, ஊதுபத்தி இன்னும் எரிஞ்சு முடியல, முதல் எடையையே இனிமேதான் வைக்கணும்.”