நடு ஹோல்டர்

ரகுபதி மேஸ்திரி முதலில் உடைத்தது மைக்கைத்தான்.

என் மைக் செட் கடைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். சுவரிலிருந்த கரண்ட் ஒயரைப் பிடுங்கினான். மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கியைத் திருப்பிப் பிடித்து மைக்கின் மேல் நாலு போடு போட்டான். ஐந்தாவது என் வலது கையில் விழுந்தது. இரண்டு விரல்கள் அங்கேயே மடங்கிப் போயின.

கூட வந்த இரண்டு தடியன்களும் மற்ற ஒயர்களை அறுத்தார்கள். வெளியே ஹாரன் ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரை மட்டும் அவன் விடச் சொன்னான்.

"இன்னா இக்னேஷியஸ், இனிமே எவன் பேசுவான்?"

பேசவிருந்தது நீலா. அவள் புருஷன் ராமதாஸ் என் தோஸ்து. ரகுபதியின் பிடியிலிருந்த துறைமுகக் கூலிகளைச் சங்கத்தில் சேர்த்தவன். நாலு நாளைக்கு முன் கப்பல் நிற்கிற தண்ணீரில் மிதந்தான். கள்ளச்சாராயம் குடித்துவிட்டு விழுந்தான் என்று போலீஸில் எழுதி முடித்துவிட்டார்கள். சாராய வாசனை அடித்தாலே எதிர்த் தெருவுக்குப் போகிறவன் அவன். அதையும் பாதி ஜனம் நம்பியது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஐந்து மணிக்குத் துறைமுக வாசலில் இரங்கல் கூட்டம். அங்கே கரண்ட் கொடுக்க எவனுக்கும் துணிச்சல் இல்லை. அதனால் ஆம்ப்ளிஃபையர் என் கடையிலேயே இருந்தது. முந்நூறு கெஜம் ஒயர் இழுத்து, ஹாரன் இரண்டையும் வாசல் கம்பத்தில் கட்டிவிட்டு வந்திருந்தேன். நீலாவும் ஜனமும் அங்கே வந்து காத்திருந்தார்கள். மைக்கைக் கொண்டுபோய் நட வேண்டியதுதான் பாக்கி.

"பாட்டு போடு. ஜாலியா ஒரு பாட்டு. கூட்டம் தானா கலைஞ்சிடும்" என்றான்.

எழவுக் கூட்டத்தில் காதல் பாட்டு. அவன் புத்தி அவ்வளவுதான்.

"ஒயரெல்லாம் அறுத்துப்புட்டியே, அண்ணாத்தே. புதுசா அடாப்டர் பண்ணாத்தான் பாட்டு வரும்."

"பண்ணு."

என் ஆம்ப்ளிஃபையர் யுத்தம் முடிந்ததும் பட்டாளத்து ஏலத்தில் வந்தது. அதன் துளைகளுக்கு ஏற்ற பிளக் மூர்மார்க்கெட்டிலும் கிடைக்கவில்லை. துளைகளை அடைத்துவிட்டு மூன்று பல்பு ஹோல்டர்களை முன்னால் பதித்துவிட்டேன். பியூஸ் போன பல்பின் பித்தளை மூடிதான் எனக்குப் பிளக். எதுவும் எதிலும் பொருந்தும். எது எதற்கு என்று எழுதி வைக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

ஒரு பழைய பல்பைத் துணியில் சுற்றித் தட்டினேன். கண்ணாடி நொறுங்கியது. மூடியைச் சுரண்டினேன். ஒயர் நுனியைப் பல்லால் உரித்தேன். கரி அடுப்பில் பழுத்துக் கிடந்த ஈயப்பற்றுக் கோலை எடுத்து, மூடியின் அடியில் ஈயம் வைத்துப் பற்ற வைத்தேன். உடைந்த விரல்களோடு அது சீக்கிரம் ஆகிற வேலை இல்லை.

அவனுக்குப் பொறுமை போயிற்று. கோலைப் பிடுங்கி என் இடது முழங்கையில் அழுத்தினான். ரோமம் பொசுங்குகிற நாற்றத்தில் அவன் ஆட்களில் ஒருவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான் அலறினேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, நன்றாகவே அலறினேன்.

பிறகு அலமாரியின் மேலிருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியின் ஒயரை அந்த மூடியில் சேர்த்தேன். அரக்கு ஊற்றினேன். நடு ஹோல்டரில் சொருகித் திருகினேன். கரண்டைக் கொடுத்தேன். இசைத்தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்தேன்.

"எங்க பாட்டு?"

"வால்வு சூடாவணும், அண்ணாத்தே. ரெண்டு நிமிஷம்."

அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் பின்னால் துறைமுகத்துக் கூட்ஸ் வண்டி வந்தது. அறுபது எழுபது பெட்டி இருக்கும். சுவரெல்லாம் அதிர்ந்தது. பேச வேண்டுமானால் கத்த வேண்டும்.

நான் அலமாரியடியில் போய் நின்றுகொண்டு கத்தினேன். "ராமதாஸு குடிக்கிறவனே இல்லியே. எப்டி வுழுந்தான்?"

வயிற்றில் உதைத்தான். குனிந்து நிமிர்ந்து மறுபடியும் அதையே கேட்டேன். வாயில் குத்தினான். ஒரு பல் நாக்கின் மேல் வந்து விழுந்தது. அதைத் துப்பிவிட்டு மூன்றாவது தடவையும் கேட்டேன்.

"உன்னால ஆவுற காரியமா அது? எவனோ ஆம்பள செஞ்ச வேலை" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. என் கழுத்தைப் பிடித்து அலமாரியோடு சாய்த்து, வண்டிச் சத்தத்துக்கு மேல் தொண்டை கிழியக் கத்தினான்.

"நாந்தாண்டா! இதே கொக்கியால பொடனில ஒரே வெட்டு. தண்ணில உருட்டி வுட்டவனுங்க இதோ நிக்கிறானுங்க. சாராயத்த அவன் வாயில ஊத்துனது யாருன்ற? இந்தக் கைதாண்டா! இப்ப இன்னா பண்ணப் போற? மைக்குகூட இல்லியே உங்கிட்ட!"

சிரித்தான். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கடைசிப் பெட்டியும் தாண்டிப் போயிற்று. சத்தம் சட்டென்று அடங்கியது.

அவன் சுழல்கிற இசைத்தட்டைப் பார்த்தான்.

"இன்னாடா, பாட்டு இன்னும் வர்ல?"

ஒரு மூச்சு விடுகிற நேரம் போயிருக்கும். துறைமுக வாசல் பக்கமிருந்து, தெருவே அதிர, அவன் குரலே திரும்பி வந்தது.

"இன்னாடா, பாட்டு இன்னும் வர்ல?"

ரகுபதி தரையில் நொறுங்கிக் கிடந்த மைக்கைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

இசைத்தட்டுப் பெட்டியின் அறுந்த ஒயரை நான் சேர்க்கவே இல்லை. நடு ஹோல்டர் மைக்குக்கானது. அதில் சொருகினால் பேசுகிற பெட்டியும் கேட்க ஆரம்பித்துவிடும். கல்யாண வீடுகளில் மைக் மக்கர் பண்ணும்போதெல்லாம் நான் அப்படித்தான் ஒப்பேற்றியிருக்கிறேன்.

தெருவில் ஓடிவருகிற காலடிகள் கேட்டன. ஒன்றிரண்டு இல்லை. ரகுபதியின் கையில் கொக்கி மெல்லத் திரும்பியது, இந்த முறை முனை என் பக்கம்.

நான் அலமாரிப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தேன்.

"கேட்டுக்கினியா, நீலா?" என்றேன்.