ஒரே செல்ஃபில்

உக்கடத்தில் புரோக்கர் ஜாவித் காட்டிய மூன்றாவது காரும் சாவியைத் திருகியதும் கிளம்பிவிட்டது. அப்துல் குத்தூஸ் அணைத்துவிட்டு இறங்கினார்.

"வேண்டாங்க."

"ஏனுங்க பாய், உங்க பழைய காரைத் தினமும் தள்ளுனதை நானே பாத்திருக்கேன். இதுல என்னங்க குறை?"

குத்தூஸ் மூலையில் தூசி படிந்து நின்ற பச்சைக் காரைக் காட்டினார்.

"அது ஆள் தள்ளாம கிளம்பாதுங்க!"

"அதையே குடுங்க. சின்னவன் கார் கேக்கறான்."

ஜாவித் விழித்தார்.

"பழைய காரு ஒரே ஒருநாள் ஒரே செல்ஃபுல கிளம்புச்சுங்க," என்றார் குத்தூஸ், முகம் மாறாமல். "பெரியவன் ஊட்டுல சொல்லாம எடுத்துட்டுப் போயிட்டான். அன்னூர் ரோட்டுல லாரிக்கடியிலிருந்துதான் அவனை எடுத்தோம்."

பச்சைக் காரின் பின்பக்கம் கைவைத்துப் பார்த்தார்.

"சின்னவன் இதைத் தள்றதுக்காவது என்னைக் கூப்பிட்டுத்தானுங்களே ஆகணும்?"