உள்ளே போகாத பென்டிரைவ்

தம்புசாமி போட்ட கத்தலில் கிள்ளான் ஆற்று முதலைகள் எல்லாம் கரையேறி ஓடியிருக்கும்.

பழைய லேப்டாப் உயிரை விடப் பார்க்கிறது. அதில் எழுதி வைத்த பேச்சைப் பென்டிரைவில் எடுத்துவிட்டார். ஆனால் நேற்று வாங்கிய புது லேப்டாப்பில் அது பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. இருப்பதோ ஒரே துளை. சாயங்காலம் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் பேசியாக வேண்டும். தலைப்பு, ‘மூடநம்பிக்கையை ஒழிப்போம்’.

“கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்லா!”

“புதுச் சாமானுக்கு ஒரு பூஜை போட்டுட்டு ஆரம்பிச்சிருக்கலாம்ங்க” என்றாள் மனைவி குமுதா.

“மெஷினுக்குப் பூஜையா? கார் வாங்குனப்பவே டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்க விடாதவன் நான்!”

கல்யாணமான நாளிலிருந்து கேட்கும் பாட்டு. குமுதாவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

“தள்ளுங்க, நான் பாக்குறேன்.”

கைப்பேசி விளக்கை அடித்துத் துளைக்குள் பார்த்தாள். உள்ளே மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. ஊக்கை விட்டு நோண்டினாள். காய்ந்த கட்டி ஒன்று உதிர்ந்து விழுந்தது. மோந்து பார்த்தாள்.

சந்தனம். மேலே ஒரு துளி குங்குமம் வேறு.

“ஏங்க, நான் நேத்துப் பூரா காஜாங்ல அக்கா வீட்டுலல்ல இருந்தேன்? இதுக்கு யாரு பொட்டு வச்சா?”

முதலைகளை விரட்டிய குரல் கொசுவின் குரலாகிவிட்டது.

“ராகு காலம் முடிஞ்சப்புறம்தானே வச்சேன்...”